மாலைதீவில் கற்பிக்கப் போகுமுன்: ஆறு கிழமைப் பயிற்சியும் பத்து நாள் வீட்டு வாசமும்

மாலைதீவின் ஒரு தீவுப் பாடசாலையில் கணிதம் கற்பிக்க எனக்கு இடம் கிடைத்தபோது வகுப்பறையை நினைத்து நான் பெரிதாகப் பயப்படவில்லை. எட்டு ஆண்டுகளாகச் சாதாரண தர மாணவருக்குக் கணிதம் கற்பித்து வருகிறேன். என் நித்திரையைக் கெடுத்தது நியமனக் கடிதத்தின் கடைசிப் பந்திதான். பாடசாலைக்கு அருகில் உள்ள ஒரு குடும்பத்தின் வீட்டில் ஓர் அறை தரப்படும், சாப்பாடும் அவர்களோடுதான் என்று அதில் எழுதியிருந்தது. கலியாணம் முடித்துப் போன அக்காவின் வீட்டிலேயே இரண்டு இரவுக்கு மேல் தங்கிப் பழகாதவள், மொழியும் சமயமும் வேறான ஒரு வீட்டில் இரண்டு ஆண்டுகள் எப்படி இருப்பது?

அந்தக் கவலையோடு விசாரித்தபோதுதான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வீட்டு விறாந்தையில் நடக்கும் இந்தப் பயிற்சி வகுப்பைப் பற்றிச் சக ஆசிரியை ஒருவர் சொன்னார். மாலைதீவில் பல ஆண்டுகள் கற்பித்துத் திரும்பிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அதை நடத்துகிறார். சனி, ஞாயிறு நாள்களில் மும்மூன்று மணித்தியாலமாக ஆறு கிழமை வகுப்பு. அதன் முடிவில் யாழ்ப்பாணத்திலேயே ஒரு முஸ்லிம் குடும்பத்தோடு பத்து நாள் தங்கல். எல்லாமாகச் சேர்த்து 48,000 ரூபா. எங்கள் அணியில் பதினொரு பேர் இருந்தோம். குறைகளையும் எழுதப் போவதால் வகுப்பின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். அந்தக் குறைகளை நடத்துபவரிடம் நேரிலும் சொல்லிவிட்டேன்.

முதலில் ஆவணங்கள். இந்தப் பகுதியில் எனக்குக் கிடைத்த வழிகாட்டல் பிழையானது. சான்றிதழ்களின் பிரதிகளில் சமாதான நீதவானின் ஒப்பமும் முத்திரையும் இருந்தால் போதும் என்று இரண்டாம் கிழமை சொன்னார்கள். நம்பி அவற்றை எடுத்துக்கொண்டு யாழ் மாவட்டச் செயலக வளாகத்தில் உள்ள வெளிநாட்டு அலுவல்கள் அமைச்சின் பிராந்திய அலுவலகத்துக்குப் போனேன். பரீட்சைச் சான்றிதழை முதலில் பரீட்சைத் திணைக்களம் உறுதிப்படுத்த வேண்டும், அதன் பிறகுதான் அமைச்சு அத்தாட்சிப்படுத்தும் என்று அங்கே பொறுமையாக விளக்கித் திருப்பி அனுப்பினார்கள். இரவு பஸ்ஸில் ஏறிப் பத்தரமுல்லை பெலவத்தையில் உள்ள பரீட்சைத் திணைக்களத்துக்குப் போய் வந்ததில் இரண்டு நாளும், பஸ் காசும், ஒரு வகுப்பும் போயின. சான்றிதழ்களை இணையவழியாகவே கேட்டுப் பெறலாம் என்பதை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற தம்பி ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். பொலிஸ் நற்சான்றிதழ், வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு ஆகியவற்றைப் பற்றிச் சொன்னவை சரியாகவே இருந்தன. அரச பாடசாலையில் இருப்பவர்கள் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்தாண்டு வரை வெளிநாடு செல்ல வழி செய்த 2022 ஆம் ஆண்டின் பொது நிர்வாகச் சுற்றறிக்கையின் பிரதியையும் தந்தார்கள். ஆனாலும் ஆவண வேலைகளுக்கு இந்த வகுப்பை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

கற்பித்தல் பகுதியில் நல்லதும் உண்டு, பழையதும் உண்டு. எங்கள் சாதாரண தரப் பரீட்சையில் கணிப்பானுக்கு இடமில்லை. நான் போகும் பாடசாலை தயார்ப்படுத்தும் கேம்பிரிட்ஜின் 0580 இலக்கக் கணிதப் பரீட்சையில் கணிப்பான் நெடுங்காலமாக அனுமதிக்கப்பட்டிருந்தது. 2025 முதல் வந்த பாடத்திட்டத்தில் கணிப்பான் இல்லாத ஒரு வினாத்தாளும் சேர்க்கப்பட்டுள்ளது. எங்களுக்குத் தந்த குறிப்பில் இந்த மாற்றம் இல்லை. எல்லா வினாத்தாளுக்கும் கணிப்பானைப் பாவிக்கலாம் என்றே அதில் இருந்தது. பாடத்திட்டத்தைத் தரவிறக்கி நான் காட்டியபோது சேர் அதை உடனே ஏற்றுக்கொண்டு, அடுத்த ஞாயிறே திருத்திய குறிப்பைத் தந்தார். அவருடைய வயதில் உள்ள எல்லோரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

அவருடைய உண்மையான பலம் ஆங்கிலத்தில் கணிதம் பேசப் பழக்குவதில் இருக்கிறது. தமிழில் கற்று, தமிழில் கற்பித்த எங்களுக்குச் சமன்பாட்டை எழுதுவது கடினமாக இல்லை. எழுதும்போது ஆங்கிலத்தில் ஓயாமல் கதைப்பதுதான் கடினமாக இருந்தது. ஒவ்வொருவரும் பதினைந்து நிமிடம் எழுந்து கற்பிக்க வேண்டும், மற்றப் பத்துப் பேரும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளாக மாறிக் கேள்வி கேட்க வேண்டும். பைதகரஸ் தேற்றத்தைச் சொல்லிக்கொண்டு போன நான் ‘செம்பக்கம்’ என்ற இடத்தில் வாயடைத்து நின்றேன். சேர் சொல்லைத் தரவில்லை. “படத்தில் தொட்டுக் காட்டுங்கோ ரீச்சர், பிள்ளையளே சொல்லுவினம்” என்றார். தொட்டுக் காட்டினேன், பின்வரிசையில் இருந்து சொல் வந்தது. தெரியாத சொல்லை மாணவரிடமிருந்தே எடுத்துக்கொண்டு பாடத்தைத் தொடரும் அந்த வித்தை ஒன்றையே அவர் ஆறு கிழமையும் திரும்பத் திரும்பப் பழக்கினார்.

மாலைதீவு மக்கள் பேசும் திவேகி மொழிக்கு இரண்டு வகுப்புகள் மட்டுமே ஒதுக்கியிருந்தார்கள், அது போதாது. சிங்களம் தெரிந்தவருக்குத் திவேகி எண்கள் அந்நியமாகத் தோன்றாது, ஏனென்றால் இரண்டும் நெருங்கிய உறவுள்ள மொழிகள். எழுத்துத்தான் புதியது. தானா எனப்படும் அந்த எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். அதன் முதல் ஒன்பது எழுத்துகளும் அரபு எண்களாகிய ஒன்று முதல் ஒன்பது வரையானவற்றிலிருந்தும், அடுத்த ஒன்பது எழுத்துகளும் உள்ளூரின் பழைய எண்களிலிருந்தும் பிறந்தவை என்று சேர் சொன்னபோது, கணித ஆசிரியையான எனக்கு அந்த மொழியின் மேலேயே ஒரு பிரியம் வந்துவிட்டது. எண்களை எடுத்து எழுத்தாக்கிக்கொண்ட ஒரு மக்களிடம் கணிதம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்ற எண்ணம் இப்போதும் மகிழ்ச்சி தருகிறது.

இனிப் பத்து நாள் தங்கலுக்கு வருகிறேன். கொடுத்த 48,000 ரூபாவும் இதற்கு மட்டுமே என்று வைத்தாலும் எனக்கு மனக்குறை இல்லை.

எனக்குக் கிடைத்தது சோனகத் தெருவில் ஒரு வீடு. உம்மா, அவருடைய மகள், மருமகன், பேத்திமார் இருவர். என் வீட்டிலிருந்து சைக்கிளில் கால் மணித்தியாலத் தூரம். இவ்வளவு காலமும் ஐந்து சந்தியைத் தாண்டி எத்தனையோ தரம் போயிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுப் படி ஏறியது அன்றுதான் முதல் தடவை. 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, யாழ்ப்பாண நகரத்தில் இருந்தவர்களுக்குப் புறப்படக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். இந்தக் குடும்பமும் அப்படிப் புறப்பட்டுப் புத்தளம் போய், இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் திரும்பியது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மாலை அரிசி புடைத்துக்கொண்டிருந்த உம்மாவே சொன்னார். புத்தளத்தில் முதல் எட்டு மாதம் ஒருவருடைய வீட்டுப் பின்விறாந்தையில் இருந்தார்களாம். அந்த வீட்டுக்காரி நல்லவர்தான், ஆனாலும் தண்ணீர் அள்ளும் ஒவ்வொரு முறையும் தான் எண்ணி எண்ணி அள்ளியதாகச் சொன்னார்.

அதைக் கேட்ட பிறகுதான் முதல் நாள் அவர் செய்ததன் காரணம் எனக்கு விளங்கியது. நான் பையை வைத்ததும் அவர் என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனார். குளிக்க எந்த வாளி, குடிக்க எந்தக் குடம், மோட்டர் எந்த நேரம் போடுவது, கோடையில் கிணறு எதுவரை இறங்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, “இனி நீங்க கேக்கத் தேவையில்லை மகள்” என்றார். கேட்காமலே எடுக்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுவது எவ்வளவு பெரிய விடுதலை என்பது பிறத்தியார் வீட்டில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். மாலைதீவிலும் இது முதல் நாள் கேள்வியாகவே இருக்கும். அங்கே நிலத்துக்கடியில் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதப்பதுதான் நன்னீர். எங்கள் சுண்ணக்கல் நிலத்திலும் தீவகத்திலும் இருக்கும் நிலைமை இதுதான். மழைநீரைத் தாங்கியில் சேர்த்துக் குடிக்கும் வீடுகள் அங்கே அதிகம். எந்தத் தாங்கி எதற்கு என்று தெரியாமல் கை வைக்கும் விருந்தாளி அந்த வீட்டின் ஒரு கிழமைத் தண்ணீரை வீணாக்கிவிடக் கூடும்.

சாப்பாட்டில்தான் எனக்குப் பெரிய பாடம் காத்திருந்தது. நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. செவ்வாயும் வெள்ளியும் சைவம். இதை முதல் நாளே சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் ஊரில் விருந்தாளி “ஒண்டும் வேண்டாம், எனக்குப் பசியில்லை” என்று சொல்வதுதான் மரியாதை. வீட்டுக்காரர் அதை நம்பாமல் மூன்று முறை வற்புறுத்துவதும் மரியாதை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து மருமகன் வந்ததும் இறைச்சிக் கறியோடு சோறு பரிமாறினார்கள். நான் எனக்குப் பசியில்லை என்றேன். உம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு அகப்பையைக் கீழே வைத்தார். “மகள், நீங்க பசியில்லை எண்டு சொன்னா நான் என்னண்டு விளங்கிறது? சமையல் பிழையா, உடம்பு சரியில்லையா, கோபமா? என்ன சாப்பிடுவீங்க எண்டு சொல்லுங்க. அதைச் சொல்லாம இருக்கிறதுதான் எனக்கு மரியாதைக்குறைவு.” நான் சொன்னேன். கால் மணித்தியாலத்தில் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் வந்தன. சம்பலில் மாசி போடாமல் எனக்கென்று வேறாக இடித்திருந்தார்.

மாசி என்ற அந்தக் காய்ந்த சூரைமீன் மாலைதீவிலிருந்து எங்கள் சமையலறைகளுக்கு வந்த பொருள். ஆங்கிலத்தில் அதன் பெயரே மாலைதீவு மீன்தான். அங்கே காலைச் சாப்பாடே சூரைமீனும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் மிளகாயும் பிசைந்த மாஸ் ஹுனியும் ரொட்டியுமாகத்தான் இருக்கும். வாரத்தில் இரண்டு நாள் மீன் வேண்டாம் என்று சொல்லும் ஒருத்தி அந்த வீட்டுக்காரரைத் திகைக்க வைப்பாள். போதாததற்கு அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு பாடசாலை தொடங்கும். வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருந்து ஆறுதலாகச் சாப்பிடும் நாளில்தான் என் சைவமும் வரும். இதை எந்தக் குறிப்புத்தாளும் எனக்குச் சொல்லியிருக்காது.

சமயத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வழிபாட்டுக்கான சிலைகளை மாலைதீவுக்குக் கொண்டுசெல்ல அனுமதி இல்லை என்பதை வகுப்பில் தெளிவாகவே சொன்னார்கள். அம்மா தந்த சிறிய பிள்ளையார் சிலையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவதென்று முடிவு செய்து, சோனகத் தெருவிலும் அதைக் கொண்டுபோகாமல் பழகிப் பார்த்தேன். விடிய எழும்பிக் கட்டிலில் இருந்தபடியே கண்ணை மூடித் தேவாரம் ஒன்றை மனதுக்குள் சொல்வேன். நாலாம் நாள் மூத்த பேத்தி கதவைத் தட்ட வந்தபோது, “ரீச்சர் சாமி கும்பிடுறா, பிறகு வா” என்று உம்மா மெல்லிய குரலில் தடுத்தது எனக்குக் கேட்டது. நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அந்த மூத்த பேத்தி ஒன்பது வயதுக்காரி. இரவில் சாப்பாட்டு மேசையில் நான் பாடக்குறிப்பு எழுதும்போது பக்கத்துக் கதிரையில் வந்து இருப்பாள். ஒருநாள் தானா எழுத்துகளைச் சதுரக் கொப்பியில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தேன். “ரீச்சர், நீங்க பிழையான பக்கத்தால தொடங்குறீங்க” என்று கொப்பியை இழுத்து, என் பேனையை வலது ஓரத்தில் வைத்தாள். குர்ஆன் ஓதப் பழகிய பிள்ளைக்குக் கண் வலமிருந்து போவது இயல்பு. பிறகு ஒன்பதாம் எழுத்தான வாவுவைப் பார்த்து, “இது ஒன்பதெல்லோ?” என்றாள். அவள் ஓதும் வசனங்களின் முடிவில் வரும் அதே அரபு ஒன்பது. இரண்டு வகுப்புகளில் எனக்குப் பிடிபடாத எழுத்துகளை அவளோடு இருந்து ஐந்து இரவுகளில் படித்து முடித்தேன்.

குறைகள் இங்கேயும் உண்டு. பத்து நாள் போதாது. விருந்தாளிக்கான உபசாரம் ஓய்ந்து வீட்டின் இயல்பான நாள் தொடங்கவே ஒரு கிழமை ஆகிறது. மூன்று கிழமையாவது இருக்க வேண்டும். நாங்கள் கட்டிய பணத்தில் வீட்டுக்காரருக்கு எவ்வளவு போகிறது என்று நான் இரண்டு முறை கேட்டும் தெளிவான மறுமொழி கிடைக்கவில்லை. உம்மாவின் மகளிடம் தயக்கத்தோடு கேட்டபோது அவர் சொன்ன தொகை மூன்று நேரச் சாப்பாட்டுக்கே மட்டுமட்டாக இருந்தது. இந்தப் பயிற்சியின் உயிரே அந்த வீடுகள்தான் என்னும்போது, அவர்களுக்குரிய பங்கைக் கட்டணச் சீட்டில் வெளிப்படையாக எழுதுவதுதான் நியாயம். சேரிடம் இதையும் சொன்னேன், யோசிப்பதாகச் சொன்னார். சேர நினைப்பவர்கள் நீங்களும் கேளுங்கள்.

எங்கள் பதினொரு பேரில் இருவருக்குத் தங்குவதற்கு வீடு கிடைக்கவில்லை. அவர்களுக்குப் பணத்தின் ஒரு பகுதி திருப்பிக் கொடுக்கப்பட்டது. தங்கல் இல்லாமல் வகுப்புக்கு மட்டும் போவதென்றால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆகவே பணம் கட்டுமுன் உங்களுக்கான வீடு உறுதியாகிவிட்டதா என்று கேட்டு, முடிந்தால் அந்த வீட்டாரை ஒருமுறை சந்தித்துவிட்டுச் சேருங்கள்.

நான் அடுத்த மாதம் புறப்படுகிறேன். போன கிழமை அந்தத் தீவு வீட்டாருக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்பினேன். மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, செவ்வாயும் வெள்ளியும் மீனும் இல்லை, அந்த நாள்களில் என் சாப்பாட்டை நானே சமைக்கலாமா, குடிக்கும் தண்ணீர் எந்தத் தாங்கியில், அறைக்குத் திறப்பு உண்டா என்று எல்லாவற்றையும் நேராகவே எழுதினேன். ஆறு கிழமைக்கு முன் என்றால் இதில் ஒன்றையும் எழுதியிருக்க மாட்டேன். அன்றிரவே அந்த வீட்டு அம்மாவிடமிருந்து மறுமொழி வந்தது. திறப்பு உண்டு, மழைத்தண்ணீர்த் தாங்கி குசினிக்குப் பின்னால், பருப்பு கடையில் கிடைக்கும், எப்படிச் சமைப்பது என்று வந்து காட்டித் தாருங்கள் என்று எழுதியிருந்தார்.