பாவித்த நிக்கோர் 50 எம்.எம். - குறும்படக்காரர் பார்வையில்

கையில் இருக்கிற காசை முழுக்கக் கமராவில் போட்டுவிட்டு லென்ஸைப் பிறகு பார்ப்பம் என்று நிற்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். கமரா நாலைந்து வருடத்தில் பழசாகிவிடும். நான் வெள்ளவத்தையில் ஒரு அண்ணையிடம் வாங்கிய நிக்கோர் 50 எம்.எம். எஃப் 1.4 ஏஐ-எஸ் (நிக்கோனின் கையால் போகஸ் பண்ணுகிற பழைய லென்ஸ் வரிசை), 1981 இல் வந்த மாடல், இன்னும் வேலை செய்கிறது.

இந்த லென்ஸைக் கமராவில் பூட்டுகிற அமைப்பான நிக்கோன் எஃப் மவுண்ட் 1959 இலிருந்து இருக்கிறது. லென்ஸ் பூட்டுகிற இடத்திலிருந்து சென்சார் வரை அதற்கு 46.5 மி.மீ. வேண்டும், கனோன் இஎஃப் கமராவில் அந்தத் தூரம் 44, சோனி இ-யில் 18, கனோன் ஆர்எஃப்-இல் 20. தூரம் கூடின லென்ஸை தூரம் குறைந்த கமராவில் ஒரு வளையம் வைத்துப் பூட்டிவிடலாம், மறுவளமாக ஏலாது. ஒளி புகும் துவாரத்தைக் கூட்டிக் குறைக்கிற அப்பெர்ச்சர் வளையமும் லென்ஸிலேயே இருப்பதால் அடாப்டருக்குள் சிப், வயர் எதுவும் தேவையில்லை. நாளைக்கு எந்தக் கொம்பனிக்கு மாறினாலும் இது கூடவே வரும்.

இன்னொரு பெரிய லாபம் ஃபில்டர். 28 எஃப் 2.8, 35 எஃப் 2, 105 எஃப் 2.5 என்று ஏஐ-எஸ் வரிசையில் பலதுக்கும் அதே 52 மி.மீ. தான், ஒளியைக் குறைக்கிற ஒரு நல்ல என்டி ஃபில்டர் வாங்கினால் எல்லாவற்றுக்கும் போடலாம்.

படம் எப்படி? அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து 1.4 இல் இரவில் கொழும்புக் காலி வீதியில் எடுத்தால் கார் லைட்டுகளைச் சுற்றிப் புகை படிந்த மாதிரி ஒரு ஒளி நிற்கும், முகங்கள் மெத்தென்று வரும், சிலருக்கு அது பிடிக்காது, எனக்குப் பிடிக்கும். 2.8 க்கு வந்தால் நல்ல கூர்மை. போகஸ் வளையம் இரண்டு முனையிலும் இடித்து நிற்பதால் அடையாளம் போட்டு அதே இடத்துக்குத் திரும்ப வரலாம். ஆனால் கனோனுக்கும் சினி லென்ஸுகளுக்கும் எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது, பழகின போகஸ் புல்லர் (ஷொட் ஓடும்போது போகஸைச் சுற்றுகிறவர்) முதல் நாள் திட்டுவார். அப்பெர்ச்சர் டிக் டிக் என்று தாவுவதால் ஷொட்டுக்கு நடுவில் மாற்ற முடியாது. அந்தக் கிளிக்கை எடுத்துவிடலாம், நான் இன்னும் எடுக்கவில்லை.

கொழும்பில் வாங்கும்போது பயப்பட வேண்டியது கண்ணாடியில் பிடிக்கிற பூஞ்சணத்துக்கு, அதாவது பங்கஸுக்குத்தான். அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து போன் டோர்ச்சை அடித்து, லென்ஸைக் கொஞ்சம் சரித்துப் பாருங்கள். கண்ணாடி விளிம்பிலிருந்து உள்ளே மெல்லிய நூல் நூலாகப் படர்ந்திருந்தால் அதுதான். ஒரு கடையில் அப்படி ஒன்றைக் காட்டி, "தம்பி, இது சும்மா தூசு, துடைத்தால் போகும்" என்றார்கள். தூசுக்குக் கிளை வருமா? வைத்துவிட்டு வந்துவிட்டேன். அப்பெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டில் காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி; 40 முதல் 50 வீதத்துக்குள் வைத்தால் போதும். கடற்காற்று அடிக்கிற வீடென்றால் ஜெல்லை அடிக்கடி காய வைக்க வேண்டிவரும்.

விலையைப் பற்றி ஒன்று. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, கையில் நல்ல லென்ஸ் வைத்திருந்தவர்களுக்குப் புதுசு தேடி அலையிற தலையிடி இருக்கவில்லை.

கலியாண வீட்டு வீடியோவுக்கு மட்டும் இதை வாங்காதீர்கள். ஒட்டோபோகஸ் இல்லை, தாலி கட்டுகிற நேரத்தில் ஐயர் உங்களுக்காக நிற்கமாட்டார்.