லாக்டேஸ் மாத்திரை: மூன்று வாரம் பயன்படுத்திய பின்

பால் குடித்த ஒரு மணி நேரத்துக்குள் வயிறு உப்பி, கடமுடவென்று இரையும் தொல்லை எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைக் குளுக்கோஸ், காலக்டோஸ் என இரண்டாகப் பிளக்கும் லாக்டேஸ் நொதி, சிறுகுடலின் உட்சுவரில் இருக்க வேண்டும். குழந்தைப் பருவம் கடந்ததும் உலகில் பெரும்பாலோருக்கு அது குறைந்துவிடுவதால், பிளவுபடாத சர்க்கரை பெருங்குடலுக்கு இறங்கி, நீரை ஈர்த்து, அங்குள்ள நுண்ணுயிரிகளால் வாயுவாக மாறுகிறது. அந்த நொதியையே வெளியிலிருந்து தரும், மென்று தின்னும் மாத்திரை இது. அட்டையில் 9,000 அலகு என்று அச்சிட்டிருக்கிறது.

நொதி உண்மையிலேயே உயிர்ப்புடன் உள்ளதா என்று முதலில் சமையலறையில் சோதித்தேன். இரண்டு டம்ளர் பால் எடுத்து, ஒன்றில் பால் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகும், மற்றதில் கொதித்துக்கொண்டிருக்கும்போதேயும், டம்ளருக்கு ஒரு மாத்திரையைப் பொடித்துப் போட்டு, ஒரு மணி நேரம் கழித்துச் சுவைத்துப் பார்த்தேன். மாத்திரையிலேயே சிறிது இனிப்பு உண்டு. ஆயினும் வெதுவெதுப்பான பால் மற்றதைவிடத் தெளிவாகத் தித்தித்தது. லாக்டோஸைவிட அது பிளந்து உண்டாகும் இரு சர்க்கரைகளும் கூடுதல் இனிப்புள்ளவை. கொதிநிலையிலோ நொதியின் வடிவமே குலைந்து அதன் வேலை நின்றுவிடுகிறது. இந்த ஒரு சோதனையே மாத்திரையின் மீது எனக்கு நம்பிக்கை தந்தது.

வயிற்றிலும் அவ்வாறே. சுமார் 10 கிராம் லாக்டோஸ் உள்ள 200 மில்லி பாலை, முதல் மடக்கோடு மாத்திரையை மென்று குடித்த நாள்களில் எந்தத் தொந்தரவும் இல்லை. கல்யாண வீட்டில் பால் பாயசம் உண்டு அரை மணி நேரம் கழித்துப் போட்டபோது மட்டும் பழைய இரைச்சல் திரும்பியது. நொதியும் சர்க்கரையும் ஒரே நேரத்தில் சந்திக்க வேண்டும். ஆகவே "சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள்" என்று மருந்துக் கடையில் சொன்னது தவறான ஆலோசனை. தயிருக்கு எனக்கு இது தேவைப்படவில்லை, ஏனெனில் உறையூற்றிய நுண்ணுயிரிகளே லாக்டோஸின் ஒரு பகுதியைச் சிதைத்துவிடுகின்றன.

குறை இரண்டு. விலை அதிகம். அதைவிட என்னை வருத்துவது, புரதம், கொழுப்பு, மாவுச்சத்து எல்லாவற்றின் செரிமானத்துக்கும் உதவும் என்று அட்டையின் பின்புறம் அச்சிட்டிருப்பதுதான். மாவுச்சத்துக்கு அமைலேஸ், கொழுப்புக்கு லைப்பேஸ் என வேறு நொதிகள் வேண்டும், லாக்டேஸ் அவற்றைத் தொடுவதே இல்லை. பால் புரத ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் இது எந்தப் பாதுகாப்பும் தராது என்பதால், அந்த எச்சரிக்கையை நிறுவனம் பெரிய எழுத்தில் சேர்த்தாக வேண்டும்.