பழைய லயத்துக்குள் ஓர் அருங்காட்சியகம்

இலங்கை மலையகத்தில், கம்பளைக்குப் பக்கத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்கு அம்மாச்சியைக் கூட்டிப் போனேன். கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் இதைப் பழைய லயக் காம்பராக்களிலேயே, அதாவது தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் குடியிருந்த வரிசை வீட்டு அறைகளிலேயே தொடங்கியது. தப்பு மேளம், கருவிகள், பாத்திரம் பண்டம் என்று எல்லாம் நம் ஆட்கள் புழங்கியவை. “இந்த மாதிரிக் கவ்வாத்துக் கத்தி நம்ம கோழிக்கூட்டு மேல கெடக்குதே!” என்றார் அம்மாச்சி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தியைக் காட்டி. அப்புறம் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கதை. எனக்குத் தனி வழிகாட்டியே தேவைப்படவில்லை.

தோட்டத்தை நிர்வகித்த துரையின் பங்களாவைக் காட்ட எத்தனையோ ஹோட்டல்கள் உண்டு. லயத்தைக் காட்ட யார் இருக்கிறார்கள்? இந்த அருங்காட்சியகத்துக்குக் காசு கொடுக்க முடிந்தால் சரி. இல்லாவிட்டால், 1948 குடியுரிமைச் சட்டத்தால் நம் ஆட்களுக்குப் பறிபோன பிரஜாவுரிமைக்கு அலைந்த பழைய கடுதாசிகள் டிரங்குப் பெட்டியில் கிடந்தால் எறியாமல் இவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கத்தியைக் கொடுக்க அம்மாச்சி சம்மதித்துவிட்டார்.