மணிக்கு ஆறு வாரம் கொடுத்துப் பாத்த பால் புரத கேப்சூல்

எங்க நாய் மணி பாக்க வாட்டசாட்டமா இருப்பான், ஆனா நான் வண்டி சாவிய கையில எடுத்தா போதும், எச்சில் ஒழுக ஆரம்பிச்சிடும், பூட்டிட்டு போனா கதவ பிறாண்டியே நகம் தேஞ்சு போச்சு. பதட்டத்துக்கு மாத்திரை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இத குடுத்து பாருங்கன்னு டாக்டர் சொன்னதுதான் ஆல்ஃபா காசோசெபின். பால்ல இருக்குற கேசின்ங்கிற புரதத்த உடைச்சா கிடைக்குற 10 அமினோ அமிலம் கோத்த குட்டித் துண்டு, மூளைய அமைதியாக்குற காபாங்கிற ரசாயனம் ஒட்டுற இடத்துல (ரிசப்டர்) போய் ஒட்டி பதட்டத்த தணிக்கும்னு சொல்றாங்க. பால் குடிச்ச குட்டி சொக்கிப் போய் கெடக்குமே, அந்த மாதிரி.

இதெல்லாம் நம்ம கண்ண நம்பி சொல்லக்கூடாது. எலிக்கு பதட்டம் இருக்கான்னு பாக்க லேப்ல கூட்டல் குறி மாதிரி உயரமான மேடை வச்சிருப்பாங்க, ரெண்டு பக்கம் சுவரு, ரெண்டு பக்கம் திறந்த வெளி, பயந்த எலி சுவர விட்டு வெளிய வராது. நான் பழைய போன கேமராவா வச்சேன். அக்காகிட்ட சொல்லி ஒரே மாதிரி ரெண்டு டப்பா, ஒண்ணுல கேப்சூல் பவுடர், இன்னொண்ணுல வெறும் மாவு, ரெண்டு வாரத்துக்கு ஒருதடவ அவங்களே மாத்துவாங்க, எது எதுன்னு எனக்கு தெரியாது.

முதல் ரெண்டு வாரம் முடிஞ்சதும் டைரில "செம மாற்றம், ஆளே அமைதியாயிட்டான்"னு எழுதி வச்சிருக்கேன். கடைசில அக்கா சிரிச்சுகிட்டே சொல்றாங்க, அது மாவுடா! அசிங்கமா போச்சு. ஆனா கேமரா பொய் சொல்லல, நடு ரெண்டு வாரம் கேப்சூல், அப்ப மட்டும் கொஞ்ச நேரம் குரைச்சுட்டு அவன் படுக்குற மேட்ல (விரிப்பு) வந்து படுத்துட்டான், கடைசி ரெண்டு வாரம் திரும்ப மாவு, திரும்ப கதவு.

டப்பாவுல கற்றல் திறன் கூடும்னு வேற போட்டிருக்கு. "மேட்ல போய் படு"ன்னு சொல்லிக் குடுத்ததுல எந்த வாரமும் பெரிய வித்தியாசம் இல்ல, அறிவெல்லாம் ஒண்ணும் கூடல. ஒரே விஷயம், முன்னாடி சாவிய பாத்துட்டா பிஸ்கட்ட மோந்துகூட பாக்க மாட்டான், கேப்சூல் வாரத்துல வாங்கித் தின்னான், தின்னாத்தானே பழக்க முடியும்! இடி இடிச்சப்ப மட்டும் சுத்தமா வேலைக்காகல, நேரா கட்டிலுக்கு அடியில.

அவன் எடைக்கு தினம் ரெண்டு கேப்சூல், 30 இருக்குற டப்பா 15 நாள்ல காலி. பால் புரதம் ஒத்துக்காத நாய்க்கு டாக்டர கேக்காம குடுக்காதீங்க. மெல்லுற மாதிரி வேற சப்ளிமெண்ட் வாங்குறவங்க சைலிடால்ங்கிற இனிப்பு இருக்கான்னு பின்னாடி படிச்சு பாத்துடுங்க, நாய்க்கு அது விஷம், இயற்கைன்னு முன்னாடி இலை படம் போட்டிருந்தாலும்.

நான் இன்னொரு டப்பா வாங்கியிருக்கேன், கூடவே தினம் சாவிய எடுத்து எடுத்து வச்சு பழக்குறேன். இப்பல்லாம் சாவி சத்தம் கேட்டா முதல்ல மேட்ட பாக்குறான், அப்புறம் என் கைய பாக்குறான்.