"எத்தனை மாடும்மா?": வைக்கோல் கட்டில் தக்காளி போட்ட ஐந்து மாசம்

வைக்கோல் வியாபாரி முதலில் கேட்டதே "எத்தனை மாடும்மா வச்சிருக்கீங்க?" என்றுதான். மாடு இல்லைண்ணே, அதுல தக்காளி போடப்போறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "வைக்கோல்லயா? மண்ணு இல்லாமயா?" என்றார். அதே கேள்வியை வீட்டில் அத்தை, மாடி வீட்டு அக்கா, தண்ணி கேன் போடுகிற தம்பி என்று எல்லோரும் கேட்டுவிட்டார்கள். ஐந்து மாசம் வளர்த்து முடித்தாயிற்று, வாங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

எங்கள் வீடு முடிச்சூர் பக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்ற தெரு. அதற்கப்புறம் மனையை மூன்றடி உயர்த்தினோம், உயர்த்தியது முழுக்க கட்டட இடிபாடு. கடப்பாரை போட்டால் செங்கல், டைல்ஸ் துண்டு, சிமென்ட் கட்டி. நடுவில் கொஞ்சம் செம்மண் கொட்டித் தக்காளி போட்டுப் பார்த்தேன், இரண்டு வருஷம் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கி, காய் பிடிக்கிற நேரத்தில் செடி வாடிப்போனது. நூற்புழு, கண்ணுக்குத் தெரியாமல் வேருக்குள் புகுந்துகொள்கிற புழு. ஒருமுறை மண்ணில் ஏறிவிட்டால் லேசில் போகாது. மாடியில் பை வைக்கலாம் என்றால், ஏற்கெனவே கூரையில் ஒரு இடத்தில் ஒழுகுகிறது, என் வீட்டுக்காரர் விடவில்லை. மிச்சம் இருந்தது வீட்டின் பக்கவாட்டில் பத்தடி சிமென்ட் தரை. அங்கே மண் இல்லாமல் எதையாவது வளர்க்க வேண்டும் என்று தேடியபோதுதான் வைக்கோல் கட்டிலேயே குழி பறித்துச் செடி நடுகிற இந்த முறை கண்ணில் பட்டது.

புது விஷயமும் இல்லை. பிரிட்டனில் கண்ணாடிக்கூடத்துக்குள் வெள்ளரி போட்டவர்கள் மண்ணில் நோய் ஏறிப்போனதும் வைக்கோல் கட்டை அடுக்கி அதன் மேல் பயிர் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் கோதுமை வைக்கோல், நம்மிடம் நெல் வைக்கோல். இந்த வித்தியாசம் பின்னால் கழுத்தை அறுத்தது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

வாங்கியது ஜனவரி கடைசியில், சம்பா அறுப்பு முடிந்த கையோடு, மதுராந்தகம் பக்கத்தில் இருந்து. இப்போதெல்லாம் அறுப்பு மெஷின் போன வயலில் பின்னாலேயே கட்டுக் கட்டுகிற மெஷின் போகிறது. உருளையாக ஒன்று, சதுரமாக ஒன்று என்று இரண்டு வகை உண்டு. நான் உருளை மூன்று, சதுரம் இரண்டு எடுத்தேன். கட்டு 180 ரூபாய். குட்டி யானை வாடகை 1,800. ஆமாம், வைக்கோலை விட இரண்டு மடங்கு வாடகை. ஐந்து கட்டுக்காக வண்டி பிடிக்காதீர்கள், தெருவில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வியாபாரியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காய்ந்த கட்டாகப் பார்த்து எடுத்தார், ஒன்றில் பூஞ்சை வாடை அடித்ததும் அவரே மாற்றிக் கொடுத்தார். வயலில் என்ன களைக்கொல்லி அடித்தார்கள் என்று விவசாயியிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன், கேட்டும் சொன்னார். இதைக் கட்டாயம் கேளுங்கள். நெல்லுக்கு 2,4-டி அடிப்பது சகஜம், தக்காளிக்கு அது கொஞ்சம் பட்டாலும் இலை சுருண்டுவிடும்.

ஆன்லைனில் ஒரு 'வைக்கோல் தோட்டக் கிட்'டும் வாங்கிப் பார்த்தேன். பெயர் வேண்டாம். 649 ரூபாய்க்கு ஒரு அட்டைப் பெட்டி, உள்ளே நாலு கிலோ கூட இல்லாத அமுக்கிய வைக்கோல் செங்கல், ஒரு பாக்கெட் 'ஊட்டச்சத்துப் பொடி', வழவழ காகிதத்தில் அச்சடித்த வழிமுறை. தண்ணீர் ஊற்றியதும் உப்பிப் பிரிந்து ஒரு வாரத்தில் குப்பையாகிவிட்டது. கட்டின் வேலையே இறுக்கமாக நின்று உள்ளே சூடாகி மட்குவதுதான், அது அந்த அளவு வைக்கோலில் நடக்காது. காசு வேஸ்ட்.

இனி முக்கியமான விஷயம். கட்டை இறக்கியதும் செடி வைக்க முடியாது. வைக்கோலில் கரிச்சத்து (கார்பன்) ஏகம், தழைச்சத்து (நைட்ரஜன்) சொற்பம். அதை மட்க வைக்கிற நுண்ணுயிர்கள் தழைச்சத்துக்கு அலையும், அந்த நேரத்தில் செடியை வைத்தால் செடியின் பங்கையும் அவையே தின்றுவிடும். அதனால் முதல் பன்னிரண்டு நாள் கட்டுக்குத்தான் சாப்பாடு. நான் செய்தது: முதல் நாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் கட்டுக்கு நூறு நூறு கிராம் யூரியா தூவி, உள்ளே இறங்குகிற மாதிரி தண்ணீர். இடைப்பட்ட நாளில் வெறும் தண்ணீர். ஏழு, எட்டு, ஒன்பதில் ஐம்பது ஐம்பது கிராம். பத்தாம் நாள் கொஞ்சம் கலப்பு உரம். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசுதான், ஆனால் ஆதார் காட்டி விரல் ரேகை வைத்து வாங்கவேண்டும், இரண்டு கிலோவுக்காக யார் போவது. உத்திரமேரூர் சித்தப்பாவிடம் கேட்டு ஒரு டப்பாவில் வாங்கி வந்தேன்.

யூரியா வேண்டாம், இயற்கையாகத்தான் செய்வேன் என்பவர்களுக்கு: ஒரு கட்டில் கடலைப் புண்ணாக்கு ஊறவைத்து ஊற்றிப் பார்த்தேன். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, புண்ணாக்கில் ஏழு, எட்டுதான். அதே அளவு கொடுக்க ஒரு கட்டுக்கு மூன்று கிலோ போட வேண்டும். கட்டு மட்கத்தான் செய்தது, கொஞ்சம் மெதுவாக. ஆனால் நாலாம் நாள் நாற்றம் பக்கத்து வீட்டு ஜன்னல் வரை போய்விட்டது. ஆறாம் நாள் எலி வந்து குடியேறியது. அது அப்புறம் போகவே இல்லை.

எலியை விடுங்கள், மாடு! யோசிக்கவே இல்லை பாருங்கள். இரண்டாம் நாள் காலையில் கேட்டைத் திறந்து வைத்துவிட்டுக் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன், திரும்பிப் பார்த்தால் பின் தெரு மாடு நிதானமாக நின்று உருளைக் கட்டைப் பிரித்துத் தின்றுகொண்டிருக்கிறது. அதன் மேல் யூரியா தூவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக் கை நடுங்கிவிட்டது. நல்லவேளை, அது புண்ணாக்குக் கட்டு. யூரியா கலந்த வைக்கோலை மாட்டுக்குக் கொடுப்பார்களே என்று கேட்பீர்கள். அது நூறு கிலோவுக்கு நாலு கிலோ என்று அளந்து, தண்ணீரில் கரைத்துத் தெளித்து, மூன்று வாரம் காற்றுப் புகாமல் மூடி வைத்துக் கொடுப்பது. பச்சையாகத் தூவிய யூரியா மாட்டுக்கு விஷம். தெருவில் மாடு திரிகிற இடமாக இருந்தால், கேட்டோ வலையோ இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

ஆறாம் நாளுக்கு மேல் கட்டு உள்ளே கொதிக்கும். ஒரு இரும்புக் கம்பியை நடுவில் குத்திப் பத்து நிமிஷம் கழித்து உருவித் தொட்டேன், கை சுட்டது. அம்மோனியா வாடை மூக்கைத் துளைக்கும், வைக்கோல் ஓரத்தில் கறுக்க ஆரம்பிக்கும், இதெல்லாம் நல்ல அறிகுறி. நான் பொறுமையில்லாமல் எட்டாம் நாளே நாலு நாற்றை நட்டேன். மறுநாள் சாயங்காலம் நாலும் அவித்த கீரை. கம்பியைத் தொட்டால் நம் உடம்புச் சூடு அளவுதான் இருக்கவேண்டும், அதுவரை நாற்று டிரேயிலேயே இருக்கட்டும்.

மிச்ச நாற்றுகளை பிப்ரவரி நடுவில் நட்டேன். பெரியகுளம் ஒன்று ரகம், கட்டுக்கு இரண்டு செடி. கத்தியால் குழி பறித்து, இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டு, அதில் நாற்று. இதற்குள் கட்டைச் சுற்றி நெல் முளைத்து நாற்றங்கால் மாதிரி பச்சைப் பசேல் என்று ஆகியிருந்தது, மெஷின் அறுப்பில் தப்பிய நெல். பிடுங்கினால் வைக்கோலும் கூடவே வருகிறது, கத்தரியால் வெட்டிவிட்டால் போதும். பின்னாலேயே காளான். காலையில் குடை விரித்து மதியம் மை மாதிரி உருகிப்போகிற வகை. அத்தைக்கு வைக்கோல் காளான் என்றால் ஆசை, "இது அதுதான்டி" என்று கூடையோடு வந்துவிட்டார். தடுத்து நிறுத்த ரொம்பப் பாடு. செடிக்கு அதனால் கெடுதல் இல்லை, ஆனால் எது என்று தெரியாததைச் சமைக்கக் கூடாது.

செடி வளர்ந்த வேகத்தைப் பார்க்கவேண்டும். அடியில் இதமான சூடு, வேர் போக இடம், தண்ணீர் தேங்குவதே இல்லை. ஒரு மாசத்தில் என் தொடை உயரம். அந்த நெல்லை விட்டால் களை கிடையாது. இலைச்சுருட்டு வெள்ளை ஈயால் வருவது, அதை வைக்கோல் தடுக்காது, இரண்டு செடி அதில் போனது. முதல் காய் ஏப்ரல் நடுவில் பறித்தேன். ஆனால் அந்த முதல் பறிப்பில் பாதிக்கு மேல் அடியில் கறுப்பு வட்டம். நோய் என்று பயந்து மருந்து தேடாதீர்கள், அது சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. வைக்கோலில் அந்தச் சத்து குறைவு, சாம்பல் சத்துதான் (பொட்டாசியம்) நிறைய, அதோடு நாங்கள் வேலூருக்குக் கல்யாணத்துக்குப் போய் இரண்டு நாள் தண்ணீர் விடவில்லை. வந்ததும் வாரம் ஒருமுறை லிட்டருக்கு இரண்டு கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஊற்றினேன், தண்ணீரையும் ஒழுங்காக்கினேன், அடுத்த காய்கள் தேறின.

தண்ணீர்தான் இதில் பெரிய செலவு. மண் கொஞ்சம் பிடித்து வைக்கும், வைக்கோல் அப்படியே விட்டுவிடும். ஏப்ரலில் காலை ஐந்து லிட்டர், சாயங்காலம் ஐந்து லிட்டர் என்று ஒவ்வொரு கட்டுக்கும். ஊற்றுகிற உரமும் அதோடு வெளியே ஓடும், வாரா வாரம் திரும்பக் கொடுக்கவேண்டும். வழிகிற தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறம், சிமென்ட் தரையில் பிடித்த கறை இன்னும் போகவில்லை. மாடியில் வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பதினாலு கிலோவாக வந்த கட்டை நனைந்தபின் இரண்டு பேர் சேர்ந்தும் அசைக்க முடியவில்லை.

இப்போது அந்த நெல் வைக்கோல் கதை. கோதுமை வைக்கோல் கட்டு ஒரு வருஷம் தாண்டி நிற்கும் என்று படித்துவிட்டு நானும் நம்பியிருந்தேன். நம் வெயிலில், நம் வைக்கோலில், மூன்றரை மாசம்தான். உருளைக் கட்டை நிமிர்த்தி வைத்தால் கயிறு பக்கவாட்டில் சுற்றி நிற்கும், தண்ணீரும் சுருளுக்குள் நேராக இறங்கும், அதெல்லாம் சரி. ஆனால் மூன்றடி உயரம், இரண்டடி அகலம், மேலே காய்த்த செடி. கயிறு வேறு சணல், அதுவும் சேர்ந்து மட்கி, மே மாசம் ஒரு ராத்திரி மழையில் இரண்டு கட்டு குடிகாரன் மாதிரி சாய்ந்துவிட்டது. சதுரக் கட்டு அமுங்கியதே தவிர சாயவில்லை, அதில் நைலான் கயிறு. உருளைதான் கிடைக்கிறது என்றால் முதல் நாளே கோழி வலை சுற்றிவிடுங்கள், செடிக்கான குச்சியைக் கட்டில் குத்தாமல் சுவரில் கட்டுங்கள்.

மற்ற காய்கள்: வெள்ளரி பிரமாதம், தக்காளியை விட நன்றாக வந்தது. கத்தரி இன்னும் காய்க்கிறது. மிளகாய் சுமார். வெண்டை நெடுநெடுவென்று வளர்ந்து காற்றில் விழுந்தது. கீரைக்கு மேலே இரண்டு அங்குலம் உரம் பரப்பினால்தான் முளைக்கிறது, அதற்கு ஒரு பழைய டப்பே போதும். முள்ளங்கி போட்டேன், வந்ததைக் காட்டி அத்தை ஒரு வாரம் சிரித்தார்.

மொத்தத் தக்காளி பதினோரு கிலோ. கத்திரி வெயில் ஆரம்பித்ததும் பூ கொட்டி நின்றுவிட்டது, அது எதில் வளர்த்தாலும் சென்னையில் நடப்பதுதான். கட்டு, வாடகை, உரம், வலை எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய். கணக்குப் போட்டால் கோயம்பேட்டில் பெட்டி பெட்டியாக வாங்கியிருக்கலாம். தேங்காய் நார் பையே இதை விட மலிவு, ஒழுங்கும் கூட. நல்ல மண் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம், அந்த வைக்கோலைச் செடியைச் சுற்றி மண்ணுக்கு மேல் மூடாக்காகப் போடுங்கள், அது போதும்.

ஆனால் ஜூனில் காய்ப்பு முடிந்த செடிகளைப் பிடுங்கியபோது வேரைப் பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று, ஒரு முடிச்சு இல்லாமல், தலைமுடி மாதிரி கட்டு முழுக்க ஓடியிருந்தது. அந்தச் செம்மண்ணில் இரண்டு வருஷம் வீங்கிய வேரையே பார்த்த கண்ணுக்கு அது போதுமாக இருந்தது. சாய்ந்த கட்டுகளைப் பிரித்தால் உள்ளே கறுப்பாக, ஈரமாக, மழை வாசனையோடு மட்கு, ஆறு சாக்கு வந்தது. அதைக் காசு கொடுத்து வாங்கினால் என்ன விலை என்று தெரியும்தானே, அதை நான் மேலே கணக்கில் சேர்க்கவில்லை.

மண் கெட்ட இடம், தினமும் தண்ணீர் விட ஆள், வாசலில் மாடு வராத வீடு, இந்த மூன்றும் இருந்தால் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒன்று குறைந்தாலும் இரண்டுதான். ஆன்லைன் கிட்டுக்கு எப்படிப் பார்த்தாலும் பூஜ்யம்.

போன வாரம் வியாபாரி அண்ணனிடம் அடுத்த சம்பா அறுப்புக்குச் சொல்லி வைத்துவிட்டேன். சதுரக் கட்டு மட்டும், நைலான் கயிறு, ஆறு எனக்கு, நாலு மாடி வீட்டு அக்காவுக்கு. கட்டு இருநூறாகிவிடுமாம். குட்டி யானைக்காரர் இன்னும் விலை சொல்லவில்லை.