பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்: 55 பவுண்டிலிருந்து 48 பவுண்டுக்கு

1997 பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸில் பிரேசில் வீரர் குஸ்டாவோ குயெர்டன் வென்றபோது பரவலாகக் கவனம் பெற்ற பாலியெஸ்டர் வகை ஸ்ட்ரிங்கை, 1.25 மில்லிமீட்டர் தடிமனில், என் ராக்கெட்டில் முதலில் 55 பவுண்டு இழுவிசையில் கட்டியிருந்தேன். பந்து பலகையில் பட்டதுபோல் விறைப்பாக இருந்தது, முழங்கையும் வலித்தது. 48 பவுண்டில் மாற்றிக் கட்டியதும், ஸ்ட்ரிங் பரப்பு கூடுதலாக உள்வாங்கிப் பந்தைத் திருப்பித் தள்ளுவதால், அதே வீச்சுக்குப் பந்து பேஸ்லைன் (ஆடுகளத்தின் பின் எல்லைக்கோடு) அருகே ஆழமாக விழுந்தது. சுழற்சிக்கும் குறையில்லை: பந்தை முன்னோக்கிச் சுழலவைக்கும் டாப்ஸ்பின் அடிக்கையில் நெடுக்கு இழைகள் வழுக்கி விலகி, சட்டென்று பழைய இடத்துக்கே திரும்புகின்றன. மென்மையில் மாட்டுக் குடலில் செய்யும் இயற்கை ஸ்ட்ரிங்குக்கு ஈடில்லை. விலைதான் கையைக் கடிக்கும். பாலியெஸ்டரோ அறுவதற்கு முன்பே தொய்ந்து உயிரற்றுப் போகும் என்பதால், பத்துப் பன்னிரண்டு மணி நேர ஆட்டத்துக்குப் பின் அதை வெட்டியெறிந்துவிடுகிறேன்.