ஆபீஸ் சோர்வு டி-ஷர்ட்: டர்பனில் ஆர்டர் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனை ஒட்டிய உம்லாங்காவில் எங்கள் ஆபீஸில் தமிழ் பேசுகிறவர்கள் ஒரு சிறு கூட்டம். வருடக் கடைசி விருந்துக்கு எல்லோரும் ஒரே மாதிரி டி-ஷர்ட் போடலாம் என்று முடிவானது. வாசகங்களும் ரெடி: ‘உடம்பு ஆபீஸில், உயிர் லீவில்’, ‘மேனேஜர் தேடினால் நான் லோட்ஷெடிங்கில், நிலை 6’ (லோட்ஷெடிங் என்பது இங்கே முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு; நிலை ஏற ஏற வெட்டும் கூடும்). இன்ஸ்டாகிராமில் விற்கும் ஒருவரிடம் ஆர்டர் கொடுத்தோம். 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பருத்தி, ஸ்கிரீன் பிரிண்ட் என்று சொன்னார். கார்டு வாங்க மாட்டாராம், ஈஎஃப்டி, அதாவது நேரே வங்கிக் கணக்குக்கு அனுப்புவது மட்டும்தான்.

வந்ததைப் பார்க்க வேண்டுமே! துணிக்கு அடியில் கையை வைத்தால் விரல் தெரிகிறது. எழுத்தைச் சுற்றி நகத்தால் தடவினால் ஒரு பிளாஸ்டிக் விளிம்பு தட்டுப்படுகிறது. ஸ்கிரீன் பிரிண்டில் அப்படி விளிம்பு வராது. இது சூடு வைத்து ஒட்டிய ஃபிலிம். ஒரே துவைப்பில் ‘லீவில்’ பாதி உரிந்துவிட்டது.

அதைவிடக் கொடுமை தமிழ். அவருடைய மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. கொம்பெல்லாம் ஓர் எழுத்து தள்ளிப் போய் உட்கார்ந்து ‘மேனேஜர்’ என்பது ‘மனேஜேர்’ ஆகிவிட்டது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி அக்கா ஒருவர், தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது, அவரே நாங்கள் கொடுத்த வாசகத்தையும் சட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, “இது வேற மாதிரி இருக்கே?” என்றார். விற்றவர் கண்ணுக்கு மட்டும் படவில்லை.

பணத்தைக் கேட்டதற்கு வந்த பதில்: “நீங்கள் சொன்னபடி அச்சடித்த பொருள், திருப்பி எடுக்க மாட்டோம்.”

இந்த இடத்தில்தான் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை. 2002-ஆம் ஆண்டு மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டப்படி, ஆன்லைனில் வாங்கியதைக் கையில் கிடைத்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். நம் அளவுக்கும் விருப்பத்துக்கும் செய்து வாங்கியதற்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனால் மனம் மாறித் திருப்புவது வேறு, பழுதான சரக்கைத் திருப்புவது வேறு. 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆவது பிரிவு, பழுதான பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்க உரிமை தருகிறது. சரிசெய்து தருவதா, மாற்றித் தருவதா, பணமா என்பதை முடிவு செய்வது வாங்கியவர். திருப்பி அனுப்பும் செலவு விற்றவர் தலையில்.

இன்னொன்று. விற்பவர் தன் முழுப் பெயர், இருப்பிட முகவரி, தொலைபேசி எண் எல்லாம் தளத்தில் போட வேண்டும். போடாவிட்டால் பொருள் கிடைத்த 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். இவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் வாட்ஸ்அப் எண்ணைத் தவிர ஒன்றுமில்லை.

இதையெல்லாம் பிரிவு எண்ணோடு எழுதி அனுப்பினோம். இரண்டு நீல டிக் வந்தது, அப்புறம் பிளாக். இப்போது புகார் நுகர்வோர் பொருள், சேவை ஆம்பட்ஸ்மனிடம் (வாங்கியவர்களின் புகாரை விசாரிக்கும் அமைப்பு) இருக்கிறது. அங்கே புகார் கொடுக்க நமக்குக் கட்டணம் இல்லை.

தமிழ் வாசகம் அச்சடிக்கக் கொடுப்பவர்கள் அதை டைப் செய்து அனுப்பாதீர்கள், படமாக அனுப்புங்கள். ஒரே ஒரு சட்டை அடித்து போட்டோ காட்டச் சொல்லி, எழுத்தெழுத்தாகப் படித்த பிறகு மீதிக்குச் சரி சொல்லுங்கள். சாம்பல் நிறச் சட்டை, மேஜையில் தலை கவிழ்ந்து தூங்கும் ஆள், பக்கத்தில் காபிக் கோப்பை: இந்த மாதிரிப் படம் போட்டு முகவரி இல்லாத பக்கம் ஏதாவது கண்ணில் பட்டால், பணம் அனுப்பும் முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். வங்கிக் கணக்கு அதேதானா என்று பார்த்துச் சொல்கிறேன்.